மெருகு என்பது என்ன? – ஒரு முந்நூறு ஆண்டு வழக்கு

ஆற்றங்கரையில் கூழாங்கல் பொறுக்காதவர் நம்மில் யாரும் இரார். தண்ணீருக்குள் கிடக்கும்போது தேன் நிறமும் செந்நிற வரிகளுமாய் மின்னிய கல், வீட்டுக்கு வந்து காய்ந்தவுடன் சாம்பல் பூத்தாற்போல் மங்கிவிடுகிறது. மீண்டும் நனைத்தால் மீண்டும் மின்னுகிறது. கல்லின் நிறம் எங்கும் போய்விடவில்லை. அதன் மேற்பரப்புதான் நிறத்தை மறைக்கிறது. அந்த மேற்பரப்பை என்றும் நனைந்தது போலவே இருக்கச் செய்வதுதான் மெருகேற்றுதல்.

இதை வீட்டிலேயே செய்ய ஒரு சிறு கருவி உண்டு. மூடியுள்ள ரப்பர் பீப்பாய் ஒன்றில் கற்கள், தண்ணீர், கடினமான பொடி ஆகியவற்றை இட்டு, சிறு மோட்டாரால் இரவு பகலாக உருட்டுவார்கள். முதல் வாரம் பருமனான பொடி. அடுத்த வாரம் அதைவிட நுண்ணிய பொடி. மூன்றாம் வாரம் இன்னும் நுண்ணியது. நான்காம் வாரம் மெருகுப் பொடி. பிறகு பீப்பாயைத் திறந்தால் கண்ணாடி போன்ற கற்கள் கிடைக்க வேண்டும்.

ஆனால் முதன்முறை செய்பவர் பலருக்கு அப்படிக் கிடைப்பதில்லை. சில கற்களில் கீறல்கள், சிலவற்றில் குழிகள், சிலவற்றில் நகக்கீற்றுப் போன்ற பிறை வடிவ விரிசல்கள், இன்னும் சில, குறை ஏதுமின்றியும் சோப்புக் கட்டி போல் மங்கலாகவே இருக்கின்றன. இவை நம் கைப்பிழையால் மட்டும் நேர்பவை அல்ல. மெருகேறும்போது பரப்பில் நடப்பது என்ன என்ற கேள்வி, இயற்பியல் உலகில் முந்நூறு ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கு. உங்கள் பீப்பாயில் தோன்றும் ஒவ்வொரு குறையும் அந்த வழக்கில் ஒரு சாட்சி. அந்த வரலாற்றை அறிந்தால் குறைக்குப் பரிகாரமும் விளங்கும்.

ஒளி அளக்கும் மேடு பள்ளம்

முதலில் பளபளப்பு என்பது எது என்று காண்போம். ஒரு பரப்பின் மீது விழும் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பினால் அது பளபளக்கிறது. பரப்பில் மேடு பள்ளங்கள் இருந்தால், மேட்டில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் பள்ளத்தில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் இடையே பாதை வேறுபாடு ஏற்படும். மேடு பள்ளத்தின் உயரம் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்கினால், செங்குத்தாக விழும் ஒளிக்கு அப்பரப்பு வழவழப்பானதே. ராலே பிரபுவின் பெயரால் வழங்கும் விதி இது. பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.55 மைக்ரான். ஆகவே மேடு பள்ளம் 0.07 மைக்ரானைத் தாண்டக் கூடாது. தலைமயிரின் தடிமனில் இது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு!

நனைந்த கல் ஏன் மின்னுகிறது என்பதும் இதனால் தெளிவாகும். தண்ணீர் பள்ளங்களை நிரப்பித் தன் வழவழப்பான முகத்தை ஒளிக்குக் காட்டுகிறது. மேலும் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, படிகக்கல்லின் எண் 1.54. காற்றுக்கும் கல்லுக்கும் உள்ள வேறுபாட்டைவிட இது மிகக் குறைவாதலால் கல்லின் முகத்தில் சிதறலும் குறைகிறது.

இன்னொரு சோதனையையும் செய்து பாருங்கள். மூன்றாம் கட்டம் முடிந்த கல்லைக் கழுவிக் காயவைத்து, ஓரளவு தட்டையான முகத்தைக் கண்மட்டத்தில் பிடித்து, மிகச் சாய்வாக ஜன்னலை நோக்குங்கள். நேராகப் பார்க்கும்போது மங்கலாக இருந்த முகத்தில் ஜன்னலின் பிம்பம் சற்றே செந்நிறமாகத் தெரியும். சாய்வு கூடக்கூட மேடு பள்ளத்தால் வரும் பாதை வேறுபாடு குறைகிறது. செந்நிற ஒளியின் அலைநீளம் மிகுதியாதலால் அது முதலில் தேறுகிறது. இப்பிம்பம் தெரியாவிட்டால் அந்தக் கல் மெருகுப் பொடிக்கு இன்னும் தயாராகவில்லை என்று கொள்ளலாம்.

தோல் பையும் மரச் சக்கரமும்

மெருகுக் கலை, அதன் விஞ்ஞானத்தைவிட மிக மூத்தது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் படிகம், பச்சைக்கல், சூதுபவளம் முதலியவற்றாலான மணிகள், வேலை முடிந்தவையும் முடியாதவையுமாகக் கிடைத்துள்ளன. முன்பு காம்பே எனப்பட்ட குஜராத்தின் கம்பாத் நகரில், அகேட் மணிகளுக்கு மெருகேற்ற ஒரு முறை இருந்தது. மணிகளை எமரிப் பொடியோடும் கல் தூளோடும் ஒரு தோல் பையில் இட்டுக் கட்டுவார்கள். எதிரெதிராக அமர்ந்த இருவர் அப்பையை வாரால் இழுத்து முன்னும் பின்னும் உருட்டுவார்கள். பை காயாதபடி தண்ணீர் தெளித்துப் பத்துப் பதினைந்து நாள் இவ்வேலை நடக்கும். இன்றைய உருட்டுப் பீப்பாயின் மூதாதை இதுவே எனலாம்.

ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் பகுதியிலும் அகேட் தொழில் பல நூற்றாண்டுகள் செழித்தது. அங்கு ஓடை நீர் சுழற்றும் ஆளுயர மணற்கல் சக்கரங்கள் இருந்தன. தொழிலாளி ஒரு தாழ்ந்த ஆசனத்தில் குப்புறப் படுத்து, கால்களை உதைத்துக்கொண்டு, கல்லைச் சக்கரத்தில் அழுத்துவார். ஆனால் கடைசி மெருகுக்கு மட்டும் அவர்கள் மணற்கல்லை விட்டு, மென்பொடி பூசிய மர உருளைக்கு மாறினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கம்பாத்தில் தோல், இடாரில் மரம். கடைசிக் கட்டத்தில் பொடி மட்டும் மாறவில்லை. பொடியைத் தாங்கும் பொருளும் மென்மையாக மாறியிருக்கிறது. தண்ணீரும் கைவிடப்படவில்லை. ஏன் என்பதற்குக் கைவினைஞர் விடை சொல்லவில்லை, செய்து காட்டினார்கள். விடை தேடியவர்கள் இயற்பியலார்.

நியூட்டனின் தீர்ப்பு

1665-இல் வெளியான ‘மைக்ரோகிராஃபியா’ என்ற நூலில் ராபர்ட் ஹூக், சவரக் கத்தியின் விளிம்பை நுண்ணோக்கியில் கண்டபடி வரைந்து காட்டினார். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த அந்த எஃகில் சாணைக்கல்லின் கீறல்கள் நிறைந்திருந்தன. சில ஆண்டுகளில் ஐசக் நியூட்டன் தம் கையாலேயே உலோக ஆடியைத் தேய்த்து, கீல் பூசிய தட்டில் வெள்ளீய ஆக்சைடுப் பொடியால் மெருகேற்றி, எதிரொளிப்புத் தொலைநோக்கி செய்தார். 1704-இல் வெளியான ‘ஆப்டிக்ஸ்’ நூலில் அவர் கூறிய முடிவு இதுதான்: மெருகு என்பது மிக நுண்ணிய தேய்த்தலே. பொடியின் துகள் சிறுக்கச் சிறுக்கக் கீறல்களும் சிறுத்து, முடிவில் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றன.

உங்கள் பீப்பாயின் முதல் குறையை இக்கொள்கை அழகாக விளக்குகிறது. 80 எண் பொடியின் துகள் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர், 220 எண் பொடியின் துகள் ஏறத்தாழ 0.07, 600 எண் பொடியின் துகள் ஏறத்தாழ 0.01. மெருகுப் பொடியோ ஒரு மைக்ரான் அளவினது. ஒரு கட்டத்துப் பருந்துகள் சில, அடுத்த கட்டத்துக்குத் தப்பி வந்துவிட்டால், நுண்பொடி நாளெல்லாம் அழிப்பதை அவை நொடியில் கீறிவிடும். கல்லின் வெடிப்புகளிலும், பீப்பாய் மூடியின் இடுக்கிலும் அவை ஒளிந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே கற்களையும் பீப்பாயையும் பழைய பல் துலக்கியால் தேய்த்துப் பலமுறை கழுவ வேண்டும். ஆழ்ந்த வெடிப்புள்ள கல்லை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகவே கூடாது.

எந்தப் பொடி எந்தக் கல்லைக் கீறும் என்பதற்கு 1812-இல் பிரெடரிக் மோஸ் ஒரு கடினத்தன்மை வரிசை அமைத்தார். அதில் படிகக்கல் 7, குருந்தக்கல் 9, வைரம் 10. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன், களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கிச் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது, குருந்தக்கல்லைவிடக் கடினமான சிலிக்கான் கார்பைடு கிடைத்தது. கார்போரண்டம் என்று பெயரிட்டு, முதலில் அதை மணிக்கல் தேய்ப்பவர்களுக்கே அவர் விற்றார். இன்று பீப்பாயின் முதல் மூன்று கட்டங்களிலும் பயன்படுவது இதுவே.

மோஸ் வரிசை இன்னொரு குறைக்கும் விடை தருகிறது. கருங்கல் ஜல்லியைப் பீப்பாயில் இட்டால் சொரசொரப்பாகவே வெளிவருவது ஏன்? கிரானைட் போன்ற கல் ஒரே பொருள் அன்று. அதில் படிகம் 7, ஃபெல்ஸ்பார் 6, அப்பிரகமோ 3-ஐ எட்டுவதே அரிது. அப்பிரகம் முதலில் பெயர்ந்து குழியாகிவிடும். ஆகவே கற்களைக் கலந்து இடும்போது கடினத்தன்மையில் நெருங்கியவற்றையே சேர்க்க வேண்டும்; அகேட், ஜாஸ்பர் போன்ற நுண்மணிக் கற்களில் தொடங்குவது நல்லது.

ஹெர்ட்ஸ் கண்ட விரிசல்

பிறை வடிவ விரிசல்களுக்கு வருவோம். ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்றவுடன் நமக்கு மின்காந்த அலைகள் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு முன்பே, 1881-இல், 24 வயது நிறையாத அந்த இளைஞர், வளைந்த இரு பொருள்கள் அழுந்தும்போது தொடும் இடத்தில் என்ன நேரும் என்ற கணக்கைத் தீர்த்துவிட்டார். கண்ணாடி வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நியூட்டன் வளையங்களைப் பார்த்ததில் எழுந்த கேள்வி அது. தொடும் வட்டத்தின் விளிம்பை ஒட்டிப் பரப்பு வெளிநோக்கி இழுக்கப்படுகிறது. கண்ணாடி போன்று நொறுங்கும் பொருள் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஆகவே அவ்விடத்தில் வட்டமான விரிசல் தோன்றிக் கூம்பு போல் உள்ளே விரிகிறது. சாய்வாக மோதினால் வட்டத்தில் ஒரு பாதி மட்டும் தோன்றும். அதுவே நீங்கள் காணும் பிறை.

கற்கள் உருண்டு சரிவதற்குப் பதிலாக விழுந்து மோதினால் பிறைகள் தோன்றும். பீப்பாயில் கற்கள் குறைவாக இருந்தால் அவை விழும் தூரம் கூடும். மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை நிரப்பினால், மேல் அடுக்கு மட்டும் மணற்சரிவு போல் சரிந்து ஓடும். பெரியதும் சிறியதுமாகக் கற்களைக் கலந்து இட்டால் இடைவெளிகள் நிரம்பி மோதல் தணியும்.

வேகத்தையும் கணக்கிடலாம். உள்விட்டம் 10 சென்டிமீட்டர் உள்ள பீப்பாயில், மையவிலக்கு விளைவு புவியீர்ப்புக்கு ஈடாகும் கோண வேகம், 9.8-ஐ 0.05-ஆல் வகுத்து வர்க்கமூலம் காண, நொடிக்கு 14 ரேடியன். அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 134 சுற்று. அவ்வேகத்தில் கற்கள் சுவரோடு ஒட்டிச் சுற்றும், தேய்மானமே இராது. அதற்குச் சற்றுக் குறைந்தால் உச்சிவரை ஏறி விழுந்து உடையும். பாதிக்கும் குறைந்த வேகத்திலேயே அமைதியான சரிவு கிடைக்கிறது. சொந்தமாகக் கருவி அமைப்பவர் இக்கணக்கை முதலில் செய்துகொள்ள வேண்டும். காதும் உதவும்: சரசரவென்ற தொடர் ஒலி நல்லது, கடகடவென்ற ஒலி கெட்டது.

ராலேயின் மறுப்பு

இருநூறு ஆண்டுகள் நிலைத்த நியூட்டனின் தீர்ப்பை 1901-இல் ராலே பிரபு அசைத்தார். தேய்த்த கண்ணாடியை மெருகேற்றும்போது இடையிடையே நிறுத்தி நுண்ணோக்கியில் பார்த்தார். நியூட்டன் சொன்னது உண்மையானால், பரப்பு முழுவதும் படிப்படியாக நுண்மையடைய வேண்டும். ராலே கண்டது வேறு. மேடுகளின் உச்சியில் சிறு தளங்கள் தோன்றின. தோன்றிய கணத்திலிருந்தே அவை முழு மெருகோடு இருந்தன. நேரம் செல்லச் செல்ல அத்தளங்கள் அகன்றன. பள்ளங்களோ கடைசிவரை தொடப்படாமல் அப்படியே இருந்தன. ஆகவே தேய்த்தலும் மெருகும் ஒரே செயலின் இரு அளவுகள் அல்ல, வெவ்வேறு செயல்கள். தேய்த்தல் கண்ணாடியைச் சில்லுச் சில்லாக உடைத்து எடுக்கிறது. மெருகு ஏறக்குறைய மூலக்கூறு மூலக்கூறாக எடுக்கிறது என்றார் ராலே.

வீட்டில் கல் உருட்டுபவருக்கு இதைவிடப் பயனுள்ள கண்டுபிடிப்பு வேறில்லை. மெருகுப் பொடி பள்ளத்தை நிரப்பாது. பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டை மட்டும் மிக மிக மெதுவாகக் குறைக்கும். முதல் கட்டத்தில் விட்ட குழியை நான்காம் கட்டத்தில் மாதக்கணக்காக உருட்டினாலும் நீக்க இயலாது. நான்கு கட்டங்களுக்கும் ஒரே அளவு காலம் ஒதுக்குவது பலர் செய்யும் தவறு. முதல் கட்டத்துக்கு வாரக்கணக்கு இல்லை. குழிகள் மறையும்வரை, பொடியை மாற்றி மாற்றி, இரண்டு வாரமோ ஐந்து வாரமோ ஓட்ட வேண்டும். தேறிய கற்களை மட்டும் எடுத்து, தேறாதவற்றை அடுத்த தொகுதியோடு திரும்ப இட வேண்டும்.

தோலும் மரமும் ஏன் என்ற கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. கடினமான இரு பரப்புகளிடையே சிக்கிய துகள் உருண்டு குத்திச் சில்லுப் பெயர்க்கும். மென்மையான பொருளில் அது பாதி புதைந்துகொள்வதால், பளு பல துகள்களுக்குப் பகிர்ந்து போகிறது. எந்தத் துகளும் ஆழமாகக் குத்துவதில்லை. கடைசிக் கட்டத்தில் பிளாஸ்டிக் மணிகளைக் கற்களோடு சேர்த்து உருட்டுவதன் பொருள் இதுவே.

கற்பூரம் செய்த வேலை

மூலக்கூறு மூலக்கூறாக எடுப்பது எப்படி? ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜார்ஜ் பெயில்பி, மெருகேறும்போது மேற்பரப்பு கூழ்போல் வழிந்து பள்ளங்களை மூடுகிறது என்றார். 1921-இல் இதை நூலாகவும் வெளியிட்டார். 1937-இல் கேம்பிரிட்ஜில் பௌடனும் ஹியூஸும் இதற்குச் சான்று காட்டினர். உராயும் புள்ளிகளில் கணநேரம் பெருஞ்சூடு பிறக்கிறது. எனவே மெருகேற்றும் பொடிக்கு வேண்டியது கடினத்தன்மை அன்று, உயர்ந்த உருகுநிலை என்பது அவர்கள் வாதம். நமக்கெல்லாம் தெரிந்த கற்பூரம் நகத்தால் நசுங்கும். ஆனால் அதன் உருகுநிலை ஏறத்தாழ 178 டிகிரி செல்சியஸ். அந்தக் கற்பூரம், 70 டிகிரியில் உருகும் வுட் உலோகத்துக்கு மெருகேற்றியது! அதைவிட உயர்ந்த வெப்பநிலையில் உருகும் ஈயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் ஏற்றவில்லை.

மெல்லியது கடினமானதை மெருகேற்றும் என்பது நியூட்டனின் கொள்கையில் அடங்காத செய்தி. ஆனால் பெயில்பியின் கட்சியும் முழுவதும் வெல்லவில்லை. ஆஸ்திரேலிய உலோகவியலாளர் சாமுவேல்ஸ் 1950-களில் தொடங்கிச் செய்த ஆய்வுகளில், மெருகேறிய உலோகப் பரப்பில் வழிந்த கூழைக் காணவில்லை. மிக நுண்ணிய கீறல்களையே கண்டார். உலோகத்தைப் பொறுத்தவரை நியூட்டன் மீண்டும் தலைதூக்கினார்.

தண்ணீரின் பங்கு

கண்ணாடி, படிகக்கல், அகேட் ஆகியவற்றின் கதை வேறு. இவை எல்லாம் சிலிக்கா நிறைந்தவை. இவற்றுக்குச் சிறந்த மெருகுப் பொடி எனப்படும் சீரியம் ஆக்சைடின் கடினத்தன்மை ஏறத்தாழ 6, படிகக்கல்லைவிட மென்மை. இதைத் தண்ணீரில் கலந்து தேய்த்தால் கண்ணாடி மெருகேறுகிறது. தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்தால் வேலை ஏறத்தாழ நின்றுவிடுகிறது. சூட்டினால் உருகுவதே காரணமானால், நீர் இல்லாதபோதல்லவா விரைவாக மெருகேற வேண்டும்?

ஆகவே தண்ணீர் வெறும் குளிர்விப்பான் அன்று, வேலையாள். நீர் மூலக்கூறு, சிலிக்கானையும் ஆக்சிஜனையும் இணைக்கும் பிணைப்பை உடைத்துப் பரப்பில் ஒரு மெல்லிய, நெகிழ்ந்த படலத்தை உண்டாக்குகிறது. பொடித் துகள் அப்படலத்தோடு வேதிப் பிணைப்புக் கொண்டு, நகரும்போது சிலிக்காவைச் சிறிது சிறிதாகப் பறித்துச் செல்கிறது. 1990-இல் லீ குக் இக்கருத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். ஐ.பி.எம். நிறுவனம் 1980-களில் சிலிக்கான் சில்லுகளின் அடுக்குகளைத் தட்டையாக்க வளர்த்தெடுத்ததும் இதே வேதி-இயந்திர மெருகுதான். உங்கள் கைபேசியிலுள்ள சில்லு, கம்பாத் மணியின் தூரத்து உறவு!

வேதியியல் கலந்திருப்பதால்தான் எல்லாக் கல்லுக்கும் ஒரே பொடி உதவுவதில்லை. அகேட்டைக் கண்ணாடியாக்கிய பொடி, சலவைக்கல்லை மங்கலாக விடலாம். மொசைக் தரை போடுபவர் முடிவில் ஆக்சாலிக் அமிலப் பொடியைத் தூவித் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு வகைக் கல்லுக்கு ஏற்ற வேதியியல் அது. ஆனால் நஞ்சான அந்தப் பொடியை வீட்டுப் பீப்பாயில் இடாதீர்கள். குறை ஏதுமின்றி மங்கலாக இருக்கும் அகேட்டை முதலில் சிறிது சோப்புத் தூளும் நீரும் இட்டு ஒருநாள் உருட்டிக் கழுவுங்கள். ஒட்டியிருந்த பொடிப் படலம் போய்விடும். அதன் பிறகும் மங்கல் நீங்காவிட்டால் மூன்றாம் கட்டத்துக்குத் திரும்புவதே வழி.

ஈரமே காவல்

தண்ணீருக்கு இன்னொரு கடமையும் உண்டு. சிலிக்காவின் நுண்தூசு நுரையீரலில் புகுந்தால் வெளியேறுவதில்லை. அங்கே தழும்பை உண்டாக்கி மூச்சைக் குறைக்கும் சிலிக்கோசிஸ் என்ற நோயைத் தருகிறது. நோய் வந்தபின் தழும்பை மாற்ற மருந்தில்லை. இடார் தொழிலாளர் இதனால் வாடினர். கம்பாத் அகேட் தொழிலாளரிடையே இந்நோய் இருப்பதை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ந்து பதிவு செய்துள்ளது. நம் மேசை மேலுள்ள மணிமாலையின் விலையில், யாரோ ஒருவரின் மூச்சும் அடங்கியிருக்கலாம்.

மூடிய பீப்பாயில் ஈரமாக உருளும்வரை தூசு எழாது. அபாயம் வெளியில் இருக்கிறது: கல்லை உலர்ந்த நிலையில் அறுப்பதிலும், சிந்திய சேறு காய்ந்தபின் பெருக்குவதிலும். ஈரத்துணியால் துடையுங்கள்; பெருக்காதீர்கள். சேற்றைச் சாக்கடைக் குழாயிலும் ஊற்றாதீர்கள். சிமெண்டு போல் இறுகி அடைத்துக்கொள்ளும்.

வழக்கின் இன்றைய நிலை இதுதான்: நியூட்டனுக்கு உலோகத்தில் பாதி வெற்றி, ராலேக்குக் கண்ணாடியில் பெரும்பகுதி வெற்றி, தண்ணீர் தனிச் சாட்சியாக வந்து தீர்ப்பை மாற்றியது. அணுவளவில் இன்னும் ஆய்வு நடக்கிறது. ஆகவே அடுத்த முறை பீப்பாயைத் திறக்கும்போது, குறையுள்ள கல்லை வீசி எறியாதீர்கள். ஒரு கை உருப்பெருக்கியால் பாருங்கள். கீறலா? கழுவியது போதவில்லை. குழியா? முதல் கட்டம் போதவில்லை. பிறையா? பீப்பாய் நிரம்பவில்லை. வெறும் மங்கலா? பொடியும் கல்லும் பொருந்தவில்லை. கண்டதைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ராலே பிரபு செய்ததும் அவ்வளவே: பாதியில் நிறுத்தி, உற்றுப் பார்த்தார்.